ஊரார் பங்கு

குகைத்தளத்துக் கொடையாளர்கள்

மதுரையின் வடகிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலை எழுகிறது. அம்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்தில் இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சமணத் துறவியர் தங்குவதற்கென அங்கே கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழி எழுத்துகள் பாறையில் காத்து நிற்கின்றன. பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், ஏருக்குரிய கொழு விற்றவன் ஒருவன், துணி விற்றவன் ஒருவன், பாகு விற்றவன் ஒருவன் என அப்பட்டியல் நீள்கிறது. பேரரசரும் பெருநிலக்கிழாரும் அல்லர். அங்காடித் தெருவில் அமர்ந்து காசு எண்ணியவர்கள். அவர்கள் ஆளுக்கொரு பங்கு கொடுத்தனர்.

மதுரை வட்டாரத்திற்குக் கொடை புதியதன்று என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிறங்கி வைகைக்கு வரும் வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் இன்றும் எழுகின்றன. ஒவ்வொன்றின் செலவையும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ ஒரு தொழிற்கூட்டமோ ஏற்கிறது. வெயிலில் வருவோர்க்குத் தண்ணீரும் பானகமும் நீர்மோரும் தருவோர் தம் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

ஆயினும், கொடையில் இருவகை உண்டு. ஒன்று, பசித்தவனுக்கு அன்றைய பசியைத் தீர்ப்பது. மற்றொன்று, நாளையும் மறுநாளும் தானே சமைத்துண்ணும் நிலைக்கு ஓர் ஊரைக் கொண்டு செலுத்துவது. முன்னதற்கு இரக்கம் போதும். பின்னதற்கு இரக்கத்தோடு கணக்கும் பொறுமையும் வேண்டும். பின்னதைச் செய்வது எவ்வாறு என்பதற்கு, அதே அழகர்மலை அடிவாரத்தில் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு விடை உருவாகியுள்ளது.

பத்து வட்டி

அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஊர்களில் ஒன்று புல்லுச்சேரி. 1990ஆம் ஆண்டளவில் அவ்வூர்ப் பெண்களுட் பலர் நிலமற்ற கூலிகள். நாற்று நடுதல், களையெடுத்தல், கதிரறுத்தல் ஆகிய வேலைகளுக்கு அவர்கள் தனித்தனியே செல்வதில்லை, கொத்தாகச் செல்வர். கொத்துக்குத் தலைமை ஏற்பவர் நிலவுடைமையாளரிடம் கூலி பேசி, வேலையைப் பகிர்ந்து, வாங்கிய கூலியைக் குறையாமல் பங்கிட்டுத் தர வேண்டும். அத்தகைய கொத்துத் தலைவியருள் ஒருவர் சின்னப்பிள்ளை. எழுத்தறியாதவர், எனினும், எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தனர் என்னும் கணக்கு அவர் நினைவில் பிசகாது நிற்கும்.

நடவும் அறுப்பும் ஆண்டு முழுவதும் இரா. வேலையற்ற மாதங்களில் அடுப்பெரியக் கடன் வாங்க வேண்டும். மதுரை வட்டாரத்தில் ‘பத்து வட்டி’ என்பது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஆயிரம் ரூபாய் வாங்கியவர் மாதந்தோறும் நூறு ரூபாய் வட்டி கட்டினால், ஓராண்டில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கட்டியிருப்பார்; வாங்கிய ஆயிரம் அப்படியே நிற்கும். அறுவடைக் கூலி கைக்கு வருமுன்னரே வட்டிக்குப் போய்விடும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்ததே 2003ஆம் ஆண்டில்தான். ஆனால் சட்டம் வட்டிக்காரரைத் தடுக்கலாம். அடுப்பெரியத் தேவையான நூறு ரூபாயைத் தராது.

இந்நிலையில் பிரதான் என்னும் தொண்டு நிறுவனத்தின் இளைஞர்கள் அவ்வட்டாரத்திற்கு வந்தனர். 1983இல் தில்லியில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், நல்ல உயர்கல்வி பெற்ற இளைஞர்களைச் சிற்றூர்களில் தங்கிப் பணியாற்றச் செய்தது. அகமதாபாத்தின் இந்திய மேலாண்மை நிறுவனத்தில் பயின்ற ம. ப. வாசிமலை மதுரையில் அப்பணிக்குத் தலைமை ஏற்றார். பின்னர் 1997இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தானம் அறக்கட்டளை தோன்றியபோது, இப்பணிகள் அதன் பொறுப்பில் வளர்ந்தன.

வந்தவர்கள் பணம் கொடுக்கவில்லை. பதினைந்து இருபது பெண்கள் ஒன்றாக அமர்ந்து, மாதந்தோறும் தத்தம் கூலியிலிருந்து சிறுதொகை சேர்க்கவும், சேர்ந்ததைத் தமக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்கவும் சொன்னார்கள். ‘களஞ்சியம்’ என்று அதற்குப் பெயர். நெல் சேர்க்கும் இடத்தின் பெயரைப் பணம் சேர்க்கும் அமைப்புக்கு இட்டது உழவு நாட்டுக்குப் பொருத்தமே. வட்டி இங்கும் உண்டு. ஆனால் அது மாதம் நூற்றுக்குப் பத்தன்று; அதனினும் மிகக் குறைவு. கட்டிய வட்டியும் வெளியே போகாமல், கட்டியவர்களின் பொதுப்பணமாகவே திரும்பி வந்து சேரும்.

தொடக்கத்தில் நம்பினவர் சிலரே. கூலிப்பணத்தை ஊரறியாத இளைஞர் சொல்கேட்டுச் சேர்த்துவைக்கத் தயங்கியது இயல்பே. முன்பு பணம் திரட்டி மறைந்தவர்களை அவ்வூர்கள் கண்டிராதவை அல்ல. பெண்கள் கூட்டம் போடுவதை வீட்டு ஆண்கள் விரும்பவில்லை. வட்டிக்குக் கொடுத்தவர்கள் அதனினும் விரும்பவில்லை. அத்தயக்கத்தை உடைத்தவர் சின்னப்பிள்ளை. கூலி பங்கிடுவதில் பல்லாண்டுகளாகக் காசு பிசகாத அவர் சொல்லுக்கு, எந்த அறிக்கைக்கும் இல்லாத மதிப்பு அங்கே இருந்தது. புல்லுச்சேரியில் ஒன்றாகத் தொடங்கிய களஞ்சியம் பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. ஊர்க் களஞ்சியங்கள் இணைந்து தொகுதியாகவும், தொகுதிகள் இணைந்து வட்டாரக் களஞ்சியமாகவும் வளர்ந்தன.

யார் எதற்குக் கொடுத்தார்?

இங்கே ஒரு வினா எழும். சேமிப்பு பெண்களுடையது, கடன் அவர்கள் தமக்குள் கொடுத்துக்கொண்டது. பெருங்கடன் தேவைப்பட்டபோது வங்கிகள் கொடுத்தன. சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை நபார்டு வங்கி 1992ஆம் ஆண்டில் ஐந்நூறு குழுக்களை இலக்காகக் கொண்டு தொடங்கியது. அவ்வாறாயின், கொடை நிதிக்கு இதில் என்ன வேலை?

கொடை நிதி செலவானது எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில். மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று, இரவு எட்டு மணிக்கு மேல், வேலை முடித்து வந்த பெண்களோடு தெருவிளக்கின்கீழ் அமர்ந்த இளைஞரின் ஊதியம் அது. வரவு செலவு எழுதக் கற்றுக்கொடுத்த பயிற்சியின் செலவு அது. கணக்குப் புத்தகம் அச்சிட்ட செலவும், எழுதப்பட்ட கணக்கை ஆண்டுக்கொரு முறை தணிக்கை செய்த செலவும் அதுவே. ஒரு குழு சண்டையிட்டுப் பிரியும் தறுவாயில், மூன்று முறை நான்கு முறை சென்று பேசிச் சேர்த்துவைத்த நாள்களுக்கு எந்த வங்கியும் கடன் தராது. எந்த அரசுத் திட்டத்திலும் அதற்குத் தலைப்பு இராது. அதைத் தாங்க வல்லது கொடை ஒன்றே.

கட்டடம் கட்டிக் கொடுத்தால் கல்வெட்டு வைக்கலாம். தையல் எந்திரம் வழங்கினால் நிழற்படம் எடுக்கலாம். ஒரு கூட்டம் கலையாமல் காக்கப்பட்டதை எவ்வாறு படமெடுப்பது? கொடையாளர் பலர் இச்செலவை ‘நிருவாகச் செலவு’ என்று முகம் சுளிப்பது இதனால்தான். உண்மையில், விதையும் உரமும் வாங்கப் பணம் கொடுத்துவிட்டு உழவனுக்குக் கூலி இல்லை என்பது போன்றதே அது.

கண்மாயும் வயலகமும்

சோழநாட்டில் ஏரி எனப்படுவது பாண்டிநாட்டில் கண்மாய். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. வைகை, குண்டாற்றுப் படுகைகளில் அவை தனித்தனியே கிடப்பவையல்ல. மேலைக் கண்மாய் நிறைந்ததும் அதன் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து கீழைக் கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்தால் அடுத்தது. மழை குறைந்த சமவெளியில் ஒரு துளியையும் வீணாக்காத ஏற்பாடு அது. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், கீழேயுள்ள ஊர்கள் அனைத்தும் வறண்டுபோகும்.

கண்மாயை ஆண்டுதோறும் ஊரார் கூடிப் பேணிய வழக்கம் குடிமராமத்து. வண்டலை வண்டிகளில் அள்ளி வயலுக்கு உரமாக இட்டனர், கரையை உயர்த்தினர், மடையைத் துப்புரவு செய்தனர். நீரைத் திறந்து ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துப் பாய்ச்ச ஊருக்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். அறுவடையில் அவருக்குக் களத்திலேயே நெல் அளக்கப்பட்டது. ஆங்கிலேய அரசு நிலவரியைப் பணமாக வாங்கத் தொடங்கி, கண்மாய் வருவாயையும் தனதாக்கிக்கொண்டபின் இவ்வழக்கம் தளர்ந்தது. தளர்ந்ததைச் சட்டத்தால் தாங்கிப் பிடிக்க 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்ட அச்சட்டம் பெரும்பயன் விளைவிக்கவில்லை. விடுதலைக்குப் பின், நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன. கண்மாய் அரசினுடையது என்னும் எண்ணம் வேரூன்றியது. சீமைக்கருவேலமும் அதனோடு வேரூன்றியது.

1992இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய வயலகம் திட்டம், இவ்வெண்ணத்தை மாற்றுவதையே முதற்பணியாகக் கொண்டது. ஆயக்கட்டு உழவர்கள் ஒரு சங்கமாகச் சேர்வர். அச்சங்கமே வயலகம். எந்தக் கண்மாய் வேலைக்கும் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஊரார் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதி. எஞ்சியது கொடையாளரிடமிருந்தோ அரசிடமிருந்தோ வரும். ஃபோர்டு அறக்கட்டளை, சர் ரத்தன் டாட்டா அறக்கட்டளை முதலியன இப்பணிகளுக்கு வெவ்வேறு காலங்களில் துணைநின்றன.

அந்த நான்கில் ஒரு பங்கு ஏன் இன்றியமையாதது? ஏழை உழவரிடம் பங்கு கேட்பது கொடுமை என்று கருதுவோர் உண்டு. முழுச்செலவையும் ஏற்க வல்ல கொடையாளர் இருக்கையில் அக்கருத்து நியாயமாகவும் தோன்றும். ஆனால், பணம் முழுவதும் வெளியிலிருந்து வந்தால் வேலை ஒப்பந்தக்காரருடையதாகிவிடுகிறது. தன் கையிலிருந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்த உழவர் கரையில் நின்று, சிமெண்டு சரியாகக் கலக்கப்படுகிறதா என்று பார்க்கிறார். வரத்துக்கால்வாயை உழுது தன் வயலோடு சேர்த்துக்கொண்டவர் ஊரில் இருப்பார். அவர் பெரும்பாலும் எவருக்கேனும் உறவினர். அவரை விலகச் சொல்ல எந்த அறக்கட்டளையாலும் இயலாது. ஊர்க்கூட்டத்தில், பங்கு கொடுத்தவர்கள் எழுந்து கேட்டால்தான் அது நடக்கும்.

மீன் யாருக்கு?

கண்மாய் சீரானால் பயன் முதலில் யாருக்கு? நிலம் உடையவருக்கு. கரையில் மண் சுமந்த நிலமற்ற பெண்ணுக்கு அன்றைய கூலியும் நடவுவேலையும் கிடைக்கலாம்; நீரில் பங்கில்லை. ஊர் மேம்பாடு பேசும் அறிக்கைகள் பலவற்றில் ‘ஊர்’ என்னும் சொல் இந்த வேறுபாட்டை மூடி மறைத்துவிடுகிறது.

புல்லுச்சேரிப் பெண்கள் அதை மறைத்துவைக்க விடவில்லை. கண்மாயில் மீன்பிடிக்கும் குத்தகை வழக்கமாக வசதியுடையோர் கைக்கே சென்றுகொண்டிருந்தது. அது நிலமற்றோர்க்கு வேண்டும் எனச் சின்னப்பிள்ளையும் உடனிருந்த பெண்களும் கேட்டனர். எதிர்ப்பு எழுந்தது, முறையீடு மாவட்ட ஆட்சியர் வரை சென்றது, இறுதியில் உரிமை கிடைத்தது. இதற்கென எந்தக் கொடையாளரும் நிதி ஒதுக்கியிருக்கவில்லை. ஒதுக்கியிருந்தால் ஒருவேளை இது நடந்தேயிராது. களஞ்சியத்தில் பல ஆண்டுகள் தவறாமல் கூடிப் பழகிய பெண்கள், கூடிப் பேசும் வழக்கத்தைக் கண்மாய்க்கும் கொண்டுசென்றனர், அவ்வளவே.

2001ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கப்பட்டபோது, தலைமை அமைச்சர் அடல் பிகாரி வாஜ்பாய் சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு வணங்கினார். அந்நிழற்படம் நாடெங்கும் பரவியது. 2019இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. சின்னப்பிள்ளை என்றதும் பலர்க்கும் நினைவுக்கு வருவது வணங்கிய காட்சிதான். ஆட்சியர் அலுவலக வாசலில் அவர் காத்துநின்ற காட்சியைப் படமெடுத்தவர் எவரும் இலர்.

கண்ணொளிக்கு ஒரு பட்டறை

மதுரை நகரிலேயே இதற்கு வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்த இயன்றவர் தருவதைக்கொண்டு இயலாதவர்க்கும் அறுவை செய்வது அதன் முறை. அன்றாடச் செலவுக்கு நன்கொடையை நம்பாத மருத்துவமனை அது. ஊர்களில் நடக்கும் கண் முகாம்களுக்கு அவ்வட்டாரச் சங்கங்களும் பள்ளிகளும் வணிகர்களும் இடமும் உழைப்பும் செலவும் தருகின்றனர்.

எனினும், வெளியார் கொடை ஓரிடத்தில் தேவைப்பட்டது. கண்புரை நீக்கியபின் கண்ணுள் பொருத்தும் வில்லை, அக்காலத்தில் ஏறத்தாழ நூறு டாலர் விலையில் அயல்நாட்டிலிருந்து வந்தது. ஏழை ஒருவர்க்கும் அது எட்டாது. சேவா அறக்கட்டளை முதலியோர் துணையுடன் 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் மதுரையில் நிறுவப்பட்டது. வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கும், பின்னர் அதற்குக் கீழும் இறங்கியது. வில்லைகளை வாங்கி ஆண்டுதோறும் வழங்கியிருந்தாலும் அது நற்பணியே. ஆனால் வழங்கும் கை நின்ற ஆண்டில் பார்வையும் நின்றிருக்கும்.

சட்டமும் சிற்றமைப்பும்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. கண்மாய்களைத் தூர்வாரப் பெருநிதி வருவதற்கு இது வழிதிறந்தது. தூர்வாரும் எந்திரம் ஒரு வாரத்தில் வேலையை முடித்துவிடும். வயலகம் அமைய ஓராண்டோ ஈராண்டோ ஆகும். மார்ச்சு மாதத்திற்குள் கணக்கை முடிக்க வேண்டிய நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்றொரு மாற்றம் 2020இல் வந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம், அந்நிதியில் நிருவாகச் செலவுக்கான வரம்பை ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைத்தது. வெளிநாட்டு நிதி பெற்ற அமைப்பு அதனை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றித் தருவதையும் தடை செய்தது. நிதி தவறாகப் பயன்படுவதைத் தடுக்கக் கண்காணிப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மூன்று நான்கு ஊர்களில் மட்டும் பணிபுரியும் சிற்றமைப்புகள் பல, தில்லியோடு தொடர்புடைய பெரிய அமைப்புகள் வழியாகவே நிதி பெற்றுவந்தன. ஊரையும் ஊரின் சண்டையையும் நன்கறிந்தவை அவை. கணக்கெழுதுபவர்க்கு ஊதியம் தர இயலாமல் அத்தகைய அமைப்பு கதவை மூடினால், அது செய்தியாகவும் வெளிவருவதில்லை.

ஏரிப்பட்டி

நிதி ஒருநாள் நிற்கும் என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். ஏரியைப் பேணுவதற்கென்றே ‘ஏரிப்பட்டி’ என நிலம் ஒதுக்கிய செய்தியைக் கல்வெட்டுகள் தருகின்றன. அந்நிலத்தின் விளைச்சல் கரைக்கும் மடைக்கும் உரியது. கொடுத்தவர் மறைந்தாலும் நிலம் விளையும்.

வயலகங்கள் அதனைப் பணமாக மாற்றிக்கொண்டன. ஊரார் அளித்த பங்கின் ஒரு பகுதியையும் வெளியிலிருந்து வந்த துணைநிதியையும் சேர்த்து, கண்மாயின் பெயரால் வங்கியில் வைப்புத்தொகையாக இடுகின்றனர். முதலைத் தொடுவதில்லை; வட்டியை மட்டும் எடுக்கின்றனர். தொகை பெரிதன்று. ஆனால் புரட்டாசியில் வரத்துக்கால்வாயின் செடிகொடிகளை அகற்றவும், துருவேறிய மடைப்பலகையை மாற்றவும் அது உதவும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் இவற்றை முடித்தாக வேண்டும். முடிந்ததும் நீர்பாய்ச்சி கரைமீது ஒருமுறை முழுதும் நடந்து, கலுங்குவரை பார்த்துவிட்டு வருவார்.